அத்தானின் குதிகாலும் நீ அனுப்பிய பூண்டும்

ஜெலுத்தோங், பினாங்கு
தைப்பூசம் கழிந்த மூன்றாம் வாரம்

அன்புத் தம்பி சோமுவுக்கு,

உன் கூடப்பிறந்த ஆச்சி முத்தம்மை எழுதுவது. கிள்ளானில் நீயும் உமாவும் சுகமாக இருக்கத் தண்ணீர்மலை முருகன் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம். அத்தானும் சுகம் என்று எழுதத்தான் வந்தேன், பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஏன் என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன், நீயும் பொறுமையாகப் படி. "இந்த ஆச்சிக்குக் கைப்பேசி இல்லையா" என்று இந்நேரம் உமாவிடம் சிரித்திருப்பாய். இருக்கிறது. அதில் எழுதினால் நீ முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு, ஒரு கும்பிடும் கையைப் போட்டுவிட்டு, மொத்தத்தையும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுவாய். காகிதத்தை அப்படி விரலால் தள்ளிவிட முடியாது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த காலத்தில் நூர்ஜான் என்று ஒரு பிள்ளை முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். செரிமானப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், கேரட் கண்ணுக்கு நல்லதுன்னு சொல்றீங்க, பால் எலும்புக்கு நல்லதுன்னு சொல்றீங்க. வயித்துக்குள்ள போனப்புறம் கண்ணு எந்தப் பக்கம்னு கேரட்டுக்கு யாரு சொல்றது?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கொம்தார் பேருந்து நிலையத்தை உதாரணமாகச் சொன்னேன். எல்லாரும் ஒரே இடத்தில்தான் ஏறுகிறார்கள், இரத்தம்தான் பேருந்து, அது உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, யாருக்கு எது வேண்டுமோ அந்த உறுப்பு வழியில் நின்று இறக்கிக்கொள்கிறது என்றேன். "அப்ப கண்ணு தூங்கிட்டா கேரட் கடைசி ஸ்டாப்பு பாலிக் புலாவ் வரைக்கும் போயிருமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

போன டிசம்பரில் நீ குடும்பக் குழுவில் பூண்டுச் செய்தியைப் போட்டபோது எனக்கு அந்தப் பிள்ளையின் நினைவுதான் வந்தது. சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் சிவப்பு எழுத்து. "தினமும் பூண்டு! தோல் புற்றுநோய் ஓட்டம்! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!" அதிர்ச்சி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆராய்ச்சி செய்ததே அவர்கள்தானே. அடியில் இருந்த சுட்டியைத் தொட்டுப் பார்த்தேன். அங்கே எழுதியவர்கள் அடக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். பூண்டில் உள்ள சில பொருள்களுக்கு அப்படி ஓர் ஆற்றல் இருக்கக்கூடும், ஆய்வுக்கூடத்திலும் எலிகளிடமும் பார்த்திருக்கிறோம், மனிதர்களிடம் இன்னும் நிறையப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. அந்த "இருக்கக்கூடும்" எங்கிருந்தோ கிளம்பி, ஈப்போவில் யாரோ ஒருவர் கையில் "இருக்கிறது" ஆகி, கிள்ளானில் உன் கையில் "ஓட்டம்" ஆகி, பினாங்குக்கு வந்து சேரும்போது அத்தான் கையில் வைத்தியமாகிவிட்டது. எலிதான் பாவம், வழியிலேயே இறங்கிக்கொண்டது.

அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும். வங்கியில் இருந்த காலமெல்லாம் இரண்டு கையெழுத்து இல்லாத தாளை மேசையிலிருந்து நகர்த்தியதில்லை. என் பிறந்தநாளுக்கு நான் சொன்ன தேதியை நம்பாமல் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த மனிதர். அப்படிப்பட்டவர் ரோஜாப்பூ போட்ட செய்தியை மறுபேச்சில்லாமல் நம்பினார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவருடைய இடது குதிகாலில் இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் அவர் நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது நான்தான் முதலில் பார்த்தேன். கடுகு அளவில் ஒரு கரும்புள்ளி. தார் என்றார். சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. செருப்புச் சாயம் என்றார். எண்ணெய் வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. டிசம்பரில் பார்த்தால் துவரம்பருப்பு அளவுக்கு வந்து, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் பழுப்புமாக, ஓரம் தாளில் மை ஊறியதுபோல் பரவியிருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன், சாமி கும்பிட்டு முடித்ததும் சொன்னேன், லிஃப்டில் வேறு ஆளில்லாதபோதெல்லாம் சொன்னேன்.

"நம்ம கலருக்குத் தோல்ல புற்றுநோய் வராது முத்தம்மை. அதெல்லாம் பீச்சுல படுத்துக் கிடக்கிற வெள்ளைக்காரனுக்கு வர்றது. குதிங்கால்ல என்னைக்கு வெயில் பட்டிருக்கு?"

"வராதுன்னா ஏன் தினமும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பயம், சோமு. டாக்டரிடம் போனால் பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைக்காத வரைக்கும் அது வெறும் புள்ளிதான் என்பது அவர் கணக்கு. அந்த நேரம் பார்த்து நீ வீடு தேடி மருந்து அனுப்பினாய். பெயர் வைக்காமலே குணமாக்கும் மருந்து. யார்தான் விடுவார்கள்?

மறுநாளே லிட்டில் இந்தியாவுக்குப் போய்க் கடை கடையாக ஏறி, சீனப் பூண்டு வேண்டாம், மலைப்பூண்டுதான் வேண்டும் என்று பை நிறைய வாங்கிவந்தார். விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சையாக மென்றார். மத்தியானம் தயிர்ச்சோற்றில் ஊறுகாய்க்குப் பதில் பூண்டு, மாலைத் தேநீருக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் பூண்டு. எங்கள் மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் கதவு திறந்து அத்தான் நிற்பதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் திடீரென்று உடற்பயிற்சியில் ஆர்வம் வந்து படியேறினார்கள். முடிவெட்டுகிறவர் இவர் தலையை இரண்டு முறை மூச்சுப் பிடித்து வெட்டி முடித்தார். அத்தானின் கூட்டாளி முகம்மது சுல்தான், தெரியுமே, நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர், ஒருநாள் வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டார்.

"அண்ணே, என் கடையில விடிஞ்சா பூண்டு உரிக்கிறவன் இருக்கான். அவன்கூட இப்படி வாசம் அடிக்க மாட்டான் லா. ஒண்ணு நீங்க உள்ள வாங்க, இல்லேன்னா கஸ்டமரை உள்ள விடுங்க."

அத்தானுக்கு அதில் கோபமில்லை. "உடம்பு முழுக்கப் பரவியிருக்குன்னு அர்த்தம்" என்று சந்தோஷப்பட்டார். நான் அவருக்கு ஓர் உதாரணம் சொன்னேன். கர்னி கடற்கரையில் நின்று ஒரு கரண்டி சர்க்கரையைக் கடலில் போட்டுவிட்டு, வெல்ட் கீ படகுத்துறைக்குப் போய் நக்கிப் பார்த்தால் இனிக்குமா? வாயில் போட்ட பூண்டு எவ்வளவு, குதிகாலுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? அது ஒழுங்கான உதாரணம்தான். ஆனால் தம்பி, சில நேரம் உதாரணம் அளவுக்கு மேல் நன்றாக அமைந்துவிடும். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

இதற்குள் தைப்பூச விரதம் தொடங்கிவிட்டது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், விரத நாளில் அடுப்படியில் வெங்காயம், பூண்டு இரண்டுக்கும் இடமில்லை. அத்தான் நாலு தலைமுறையாக முருகனின் வெள்ளி ரதத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு நடக்கும் வீட்டுப் பிள்ளை. ரதம் கிளம்பும் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை, மூட்டு வலித்த வருஷமும் நடந்தார். ஆக, வாயில் பூண்டு போடக் கூடாது. போடாவிட்டால் புள்ளி வளர்ந்துவிடும் என்று பயம், போட்டால் முருகனிடம் என்ன சொல்வது என்று பயம். இரண்டு நாள் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. சரி, இப்போதாவது டாக்டரிடம் வருவார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் முகம் தெளிந்து அடுப்படிக்கு வந்தார். கடன் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்த வக்கீல் மாதிரி வந்தார்.

"முத்தம்மை, விரதம் வாய்க்குத்தானே?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"வாய்க்குள்ள போனாத்தானே விரதம் கெடும். வெளிய வெச்சா? நீதானே சொன்னே, கடல்ல போட்டு எதுக்கு, நேரா படகுத்துறையிலேயே போட்டா?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. மேலிடத்து அனுமதி வேண்டுமென்று உனக்குக் குரல் செய்தி அனுப்பினார். நீ என்ன பதில் போட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "சூப்பர் ஐடியா அத்தான்! டைரக்டா போவும், டபுள் பவர் லா!" பின்னால் உமா இன்னொரு வடை வேண்டுமா என்று உன்னைக் கேட்பதும் காதில் விழுந்தது. வடையை மென்றுகொண்டே நீ ஒரு மனிதனின் காலுக்கு வைத்தியம் சொன்னாய்.

விரத அடுப்படியில் பூண்டு நசுக்கக் கூடாதென்று பால்கனியில் வைத்து, என் இஞ்சி உரலை எடுத்து நசுக்கினார். வாழை இலைத் துண்டில் பரப்பிக் குதிகாலில் வைத்து, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றி, அதற்கு மேல் காலுறையும் மாட்டிக்கொண்டு மத்தியானத் தூக்கம் போட்டார். எரிகிறதா என்று கேட்டேன். "வேலை செய்யுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். "நல்லாவே வேலை செய்யுது" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் ஒரு சத்தம் வந்தது பார், கீழே பார்க்கிங்கில் இருந்த காவலாளி இடி என்று மேலே பார்த்துக் குடையை விரித்துவிட்டார்.

காலுறையைக் கழற்றினால் குதிகால் முழுக்க நெருப்புப் பட்டதுபோல் சிவந்து, நடுவில் மெதுவடை அளவுக்குக் கொப்புளம். பச்சைப் பூண்டை நசுக்கித் தோலில் கட்டி வைத்தால் தோல் வெந்துபோகும், சோமு. இது ரோஜாப்பூ செய்தி இல்லை, நான் கண்ணால் பார்த்தது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், நல்ல தோலையெல்லாம் வேகவைத்த பூண்டு அந்தப் புள்ளியை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. அது கொப்புளத்தின் ஓரமாக, மழைக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

சுல்தானுக்குப் போன் அடித்தேன். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கெரெத்தாவை எடுத்துக்கொண்டு வந்தார். அத்தானைத் தோளில் சாய்த்து இறக்கி, காரின் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினார்.

"அலமா அண்ணே, கறி வைக்கிறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்ல. மஞ்சள் கொஞ்சம் போட்டிருந்தா சரியா வந்திருக்கும்."

"சிரிக்காதடா சுல்தான். எரியுதுடா."

"நான் எங்க சிரிக்கிறேன், எனக்குக் கண்ணு எரியுது லா."

கிளினிக்கில் டாக்டர் ஷாஹிரா, சின்ன வயதுதான், நம் ஆள் மாதிரி தமிழ் பேசுகிற பிள்ளை. அறைக்குள் வந்ததும் மூக்கை உறிஞ்சி, "யாரு லஞ்ச் கொண்டாந்தது?" என்று நர்ஸைக் கேட்டார். காலைக் காட்டினோம். நடந்ததை நான் சொன்னேன், அத்தான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டே புண்ணைக் கழுவினார். கழுவிக்கொண்டிருந்த கை ஓரிடத்தில் நின்றது.

"அங்கிள், இது எத்தனை நாளா இருக்கு?"

"பூண்டா? மத்தியானம்தான்..."

"பூண்டு இல்ல. இந்தப் புள்ளி."

டாக்டர் விளக்கு வைத்த கண்ணாடி ஒன்றை எடுத்துப் புள்ளி மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. அத்தான் தன் கடைசி வாதத்தை எடுத்தார். வெயில் படாத இடம், நம் நிறம், இங்கே எப்படி வரும் என்றார். "அங்கிள், நம்ம மாதிரி நிறத்துக்காரங்களுக்கு இது அடிக்கடி வராது, உண்மைதான். ஆனா வந்தா பல பேருக்கு இங்கதான் வருது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. யாரும் பாக்காத இடம். அதான் லேட்டா வர்றாங்க." பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். பூண்டு பொய்யா என்று நான் கேட்டேன். "பொய்னு சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. ஆராய்ச்சி பண்றாங்க, பண்ணட்டும். ரசத்துல போடுங்க, குழம்புல போடுங்க. ஆனா இவ்வளவு சாப்பிட்டா மனுஷனுக்கு வராதுன்னு யாரும் நிரூபிக்கல. வந்ததை அது போக்கவும் போக்காது." இவ்வளவு தெளிவாக நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியதில்லை.

அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தைப்பூசத்துக்கு நடக்கலாமா டாக்டர்?" டாக்டர் அவர் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதுவே பதில்.

தைப்பூசத்தன்று ரதம் வரும் சாலையோரத்தில், தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். காலில் பெரிய கட்டு. விரதம் இருந்த உடம்பு, வேட்டி, திருநீறு, கட்டுப்போட்ட கால், எல்லாம் சேர்ந்து பார்க்கப் பெரிய பக்தர் மாதிரி இருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று கும்பிட்டார்கள். ஓர் அம்மா பக்கத்தில் வந்து, "என்ன வேண்டுதல் அண்ணே?" என்று பயபக்தியோடு கேட்டார். "பூண்டு வேண்டுதல்" என்றார் அத்தான். அந்த அம்மா அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த வருஷம் யாராவது பூண்டு மாலை போட்டுக்கொண்டு வந்தால் அதற்கு நீயும் ஒரு காரணம்.

ரதம் வந்தது. தேங்காய் சிதறியது. பின்னால் நடந்தே பழகியவர், ரதத்தின் முகத்தை அவர் அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தாராம். எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டார். ரதம் கடந்து போனதும் என் பக்கம் திரும்பாமல் சொன்னார், "முத்தம்மை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்." நான் இத்தனை மாதமாகச் சொன்னதுதான். யார் சொல்லிக் கேட்டாரோ, கேட்டாரே.

மருத்துவமனையில் புள்ளியிலிருந்து சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வீட்டில் அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. கைப்பேசி அடித்தால் மட்டும் இருவரும் ஒரே நேரத்தில் எழுகிறோம். எடுத்துப் பார்த்தால் நீ அனுப்பிய காலை வணக்கமாக இருக்கிறது.

எனவே தம்பி, உன்மேல் கோபமில்லை. உனக்கு வந்ததை நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறாய் என்று தெரியும். ஆனால் பூண்டு ஒரு பூண்டுதான். அது காவல்காரனில்லை, டாக்டருமில்லை. அது அத்தானுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை, வேதனைதான் கொடுத்தது. இனி ரோஜாப்பூ போட்ட எதையும் அவருக்கு அனுப்பாதே. உமாவுக்கு என் அன்பைச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு, கொஞ்சம் குறைவான செய்திகளோடு வாழ வாழ்த்துகிறேன்.

உன் ஆச்சி,
முத்தம்மை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மருத்துவமனையில் கூப்பிட்டுவிட்டார்கள். போய் வந்தோம். புற்றுநோய்தான், சோமு. பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் இன்னும் மேல் தோலிலேயே இருக்கிறதாம், ஆழமாக இறங்கவில்லையாம். சுற்றிலும் கொஞ்சம் தாராளமாக வெட்டி எடுத்துவிட்டுத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வந்தால் போதும் என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் காலைக் காட்டுகிறவர்கள் குறைவு, எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தீர்கள் என்று அந்த டாக்டர் கேட்டார். அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பூண்டு" என்றார். வரும் வழியெல்லாம் சுல்தானிடம் அதே பேச்சு. "இவ சொல்லி நான் போனேனா? நீ சொல்லிப் போனேனா? பூண்டு சுட்டுச்சு, போனேன். இப்ப சொல்லுடா, யாரு காப்பாத்துனது?" சுல்தான் என்னைப் பார்த்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். வழி முழுக்கத் தப்பாக இருந்தும் விடை மட்டும் சரியாக வந்த பிள்ளைகளுக்கு என் வகுப்பில் நான் அரை மதிப்பெண் போட்டதுண்டு. இவருக்கு முழு மதிப்பெண்ணே போட்டுவிட்டேன், எனக்கு அவர் வேண்டும். ஆகவே மேலே பூண்டைத் திட்டி எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ஒன்றே ஒன்று மட்டும் செய்: நாளைக் காலையில் குளித்துவிட்டு வந்ததும் வெளிச்சத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலையும் திருப்பி விரலிடுக்கு வரைக்கும் நன்றாகப் பார், உனக்குத் தொப்பை இடித்தால் உமாவைப் பார்க்கச் சொல்.